பாலாற்றுப் பள்ளத்தாக்கில் மண்ணும் நீரும் உயிரும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் நிலம் வைத்திருப்போர்க்குத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் நேர்ந்த கேட்டைப்பற்றிப் புதிதாக எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. கிணற்றுநீர் கரித்ததும், தென்னையில் குரும்பை உதிர்ந்ததும், நட்ட நாற்றின் நுனி சில நாட்களிலேயே கருகியதும் அவர்கள் கண்கூடாகக் கண்டவை. ஆயினும், ஒரே கழிவுநீரிலுள்ள சில பொருள்களால் உண்டாகும் தீங்கு ஒரு மழைக்காலத்துக்குள் மறைந்துவிட, வேறு சிலவற்றால் உண்டாகும் தீங்கு ஒரு தலைமுறை கடந்தும் நீங்காதிருப்பதேன் என்று வினவினால், விடைகூற வல்லார் சிலரே. இவ்வினாவுக்கு விடை தருவது சூழலியல் என்னும் சாஸ்திரம். இதனை இக்காலத்தில் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் ஒரு பாடமாகப் படித்துவருகின்றனர். பாடத்தில் எங்கோ உள்ள புல்வெளியும் ஓநாயும் உதாரணமாக வருவதால், தம் தந்தையார் உழும் நிலத்துக்கும் அப்பாடத்துக்கும் உள்ள சம்பந்தம் அவர்களுக்குப் புலப்படுவதில்லை. பாலாற்றங்கரையிலுள்ள ஒரு வயலையும் ஒரு கிணற்றையுமே உதாரணமாகக் கொண்டு இச்சாஸ்திரத்தின் மூலக்கருத்துக்கள் சிலவற்றை இங்கே விளக்குவோம்.

இச்சாஸ்திரத்துக்கு 1866-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் ஜெர்மானிய அறிஞர். வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. ஒரு வீட்டில் வரவென்ன, செலவென்ன, யார் உழைக்கின்றனர், யார் உண்கின்றனர் என்று கணக்குப் பார்ப்பதுபோல, ஓரிடத்தில் வாழும் உயிர்களுக்கும் அங்குள்ள மண், நீர், காற்று, வெயில் ஆகியவற்றுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை ஆராய்வது இதன் வேலை. அவ்வாறு ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் உயிருள்ளவையும் உயிரற்றவையும் சேர்ந்த தொகுதிக்கு ஆங்கில அறிஞர் டான்ஸ்லி 1935-ஆம் ஆண்டில் ஒரு தனிப்பெயர் வழங்கினார். நாம் அதனைச் சூழல் மண்டலம் என்கிறோம். ஓர் ஏரி ஒரு சூழல் மண்டலம். அதன் ஆயக்கட்டிலுள்ள வயல் மற்றொன்று. ஜவ்வாது மலைக்காடு இன்னொன்று. இவற்றுக்கிடையே வேலி கிடையாது. மலைக்காட்டில் பெய்த மழை ஓடையாகி, ஏரியாகி, வயலுக்கு வந்து, மீண்டும் நிலத்தடி நீராகிக் கிணற்றில் ஊறுகிறது. ஓரிடத்தில் இட்டது மற்றோரிடத்தில் வந்து சேருமென்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆக்குவோர், உண்போர், சிதைப்போர்

எந்தச் சூழல் மண்டலத்திலும் உயிர்கள் மூவகைத் தொழில் செய்கின்றன. வெயிலின் சக்தியைக் கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் நீரையும் சேர்த்துத் தாமே உணவு சமைத்துக்கொள்வன பச்சைத் தாவரங்கள். இவை ஆக்குவோர் எனப்படும். இவற்றை உண்ணும் வெட்டுக்கிளி, இலைச்சுருட்டுப் புழு, எலி, ஆடு, மாடு ஆகியவையும், அவற்றை உண்ணும் தவளை, சிலந்தி, சாரைப்பாம்பு, ஆந்தை, பருந்து ஆகியவையும் உண்போர். இறந்தவற்றையும் கழிந்தவற்றையும் அழுகச்செய்து மீண்டும் உரமாக்கும் நுண்ணுயிர்களும் காளான்களும் சிதைப்போர் எனப்படும். மண்புழுவும் கறையானும் இவற்றுக்குத் துணைநிற்பன.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும்போது சக்தியில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கே மிஞ்சுகிறது. ஏனையது மூச்சுவிடவும் ஓடியாடவும் செலவாகி வெப்பமாய்ப் போய்விடுகிறது. இதனை அமெரிக்க அறிஞர் லிண்டமன் 1942-இல் ஓர் ஏரியை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். துல்லியமாகப் பத்திலொன்று என்று எங்கும் கொள்ளலாகாது; சில இடங்களில் இருபதிலொன்றாகவும் சிலவற்றில் ஐந்திலொன்றாகவும் இருக்கும். ஆயினும் ஆயிரம் எலிக்குச் சில பாம்புகளும், பல பாம்புகளுக்கு ஓரிரு பருந்துகளுமே ஒரு கிராமத்தில் வாழ இயலுவது இவ்விதியினாலேயாகும். எண்ணிக்கையிற் குறைந்த மேற்படி உயிர்களை நாம் அடித்துக் கொன்றால், அவை மீண்டும் பெருக நெடுங்காலம் பிடிக்கும்; எலிக்கோ சில மாதங்களே போதும். சாரையையும் ஆந்தையையும் கண்டவிடத்தில் அடிக்கும் வழக்கத்தைக் குடியானவர் விட்டொழித்தல் நன்று. நிலக்கடலை மேட்டில் ஆந்தை வந்தமரக் கோல் நடுவது செலவற்ற முறை. பலர் இதைக் கேட்டு நகைப்பர், நட்டவர் நகைப்பதில்லை.

மேற்கூறிய மூவகையில் நம் கட்டுரைக்கு மிக முக்கியமானவர் சிதைப்போரே. இவர்கள் இல்லையேல் உலகம் பிணக்காடாகும். ஒரு பிடி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தழையிலும் சாணத்திலும் அடைபட்டுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி, அதை நைட்ரேட்டாக்கி, வேர் உறிஞ்சுதற்கேற்ற நிலையிற் கொடுப்பன அவையே. நிலக்கடலை, உளுந்து, தக்கைப்பூண்டு ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவனவும் ஓரினம் உண்டு.

நீரிலும் இதே வேலை நடக்கிறது. ஏரியில் மாடு குளிப்பாட்டினாலும் இலை உதிர்ந்து விழுந்தாலும் சில நாட்களில் நீர் தெளிந்துவிடுவதைப் பார்க்கிறோம். நுண்ணுயிர்கள் அவ்வழுக்கை உண்டு தீர்க்கின்றன. ஆனால் அவ்வாறு உண்பதற்கு அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் தெளிநீரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம் மட்டுமே. தோல் பதனிடும் சாலையிலிருந்து வரும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் மயிர், கொழுப்பு, இரத்தம், தோற்சிதைவு முதலியன கலந்திருப்பதால், அதிலொரு லிட்டரைத் தூய்மையாக்க நுண்ணுயிர்களுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிராணவாயு தேவைப்படும். கணக்கிட்டுப் பார்க்கின், ஒரு லிட்டர் கழிவு நூற்றுமுப்பது லிட்டர் தெளிநீரின் பிராணவாயு முழுவதையும் குடித்துவிடும். அதன்பின் மீனுக்கு மூச்சில்லை. பிராணவாயு இன்றி வாழும் வேறொரு கூட்டத்து நுண்ணுயிர்கள் அப்போது தலையெடுக்கின்றன. தோலின் மயிர் களையச் சுண்ணாம்போடு இடும் சோடியம் ஸல்பைடும், பதனிடுகையில் சேரும் பிற கந்தக உப்புக்களும் அவற்றின் கையிற்பட்டு, அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயுவாக வெளிப்படுகின்றன. கழிவுக் கால்வாயருகே நடந்து செல்வோர் மூக்கைப் பொத்துவது இதனால்தான். குழியில் இறங்கி அடைப்பெடுப்போர் மயங்கி மாண்ட சம்பவங்களுக்கும் இவ்வாயுவே காரணம். கிராம அதிகாரிகள் தகுந்த பாதுகாப்பின்றி எவரையும் அத்தகைய குழிகளில் இறங்கவிடலாகாது.

இவ்வகைக் கேடு கொடிது எனினும், நீங்கக்கூடியது. கழிவு வருவது நின்று, வெயிலும் காற்றும் பட்டு, ஒரு நல்ல மழையும் பெய்தால், சிதைப்போர் தங்கள் வேலையை முடித்துவிடுவர். அவர்களுக்கு இரையாகும் பொருள் எதுவாயினும் அதற்கு ஒரு முடிவுண்டு. இனி, அவர்களுக்கு இரையாகாத பொருளைப் பார்ப்போம்.

உப்பின் கணக்கு

இயற்கையில் சக்தி ஒருவழியே போய்விடுகிறது. பொருள்களோ சுற்றிச் சுற்றி வருகின்றன. கரி, நைட்ரஜன், கந்தகம், நீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழற்சி உண்டு. உப்புக்கு நிலத்தில் அத்தகைய சுழற்சி இல்லை. அதை உண்டு அழிக்கும் நுண்ணுயிர் உலகில் எங்கும் இல்லை. காற்றில் ஆவியாகவும் அது போகாது. நிலத்தில் விழுந்த உப்புக்கு ஒரே வழி, நீரோடு சேர்ந்து கடலுக்குப் போவதுதான்.

பச்சைத்தோல் அழுகாதிருக்க அதன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உப்புத் தடவி வைப்பது வழக்கம். பதனிடும் சாலைக்கு வந்ததும் முதல் வேலை ஊறவைத்தல். அவ்வுப்பில் பெரும்பகுதி அந்நீரில் கரைந்து வெளியேறுகிறது. பின்னர் அமிலத்தோடு உப்புச் சேர்க்கும் வேலையிலும் மற்றொரு பங்கு சேர்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்ததென்பது மெய்யே. ஆனால் 1970-களில் பச்சைத்தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை மத்திய சர்க்கார் கட்டுப்படுத்தி, முடிவான சரக்காக்கி அனுப்பும்படி ஊக்குவித்தபின், குரோமியம் கொண்டு பதனிடும் முறை இப்பக்கத்தில் வேகமாகப் பரவி, நீர்ச்செலவும் கழிவும் பெருகின. ஒரு கிலோ தோலை முடிவான சரக்காக்க ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாவதாகச் சுப்ரீம் கோர்ட்டாரின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது.

கழிவுநீரில் கரைந்துள்ள உப்புக்களின் மொத்தம் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது சர்க்கார் வகுத்த வரம்பு. இவ்வரம்புக்கு உட்பட்ட நீரையே ஒருவர் தம் ஒரு ஏக்கர் நிலத்தில் இரண்டங்குல ஆழத்துக்குப் பாய்ச்சுவதாகக் கொள்வோம். அந்நீர் இரண்டு லட்சம் லிட்டர். அதிலுள்ள உப்பு 420 கிலோ. ஒரு போகத்துக்கு இருபது முறை பாய்ச்சினால் எட்டு டன்னுக்கு மேல் உப்பு அந்த ஏக்கரில் இறங்குகிறது. நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கும். வரம்புக்குட்பட்ட நீரின் நிலையே இதுவானால், வரம்பு மீறியதன் நிலையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். நம் அபிப்பிராயத்தில் அவ்வரம்பு, எப்போதும் நீரோடும் ஆற்றில் கழிவு கலந்து மெலிந்துபோகும் என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. பாலாறோ அவ்வாறான ஆறன்று.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப்பக்கம் தோன்றி, அங்கே 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடிக் கல்பாக்கத்துக்கு அருகில் கடல் சேர்கிறது. 1903-இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளமும், 2021 நவம்பரில் கரைபுரண்ட வெள்ளமும் வரும்போதன்றி, அதன் மேற்பரப்பு ஆண்டில் பெரும்பகுதி வறண்ட மணலே. நீர் மணலுக்கடியில் மெல்ல ஊர்ந்து செல்கிறது. முன்னோர் ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை எடுத்தனர். இத்தகைய ஆற்றில் விட்ட கழிவு ஓடிக் கடல் சேராது. மணலில் இறங்கிக் கரையோரக் கிணறுகளுக்கே திரும்பி வரும். மணலைத் தோண்டி விற்றுவிட்ட இடங்களில் தெளிநீர் தங்குமிடமும் குறைந்து, கரிப்பு மேலும் மிகுகிறது. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வரும் மலட்டாற்றின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாதபடி சவ்வூடு வடித்து, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து வற்றச்செய்யும் ஏற்பாடு இப்பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் வந்துள்ளது. இது நல்ல முன்னேற்றமே. ஆனால் வற்றியபின் எஞ்சும் கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது. அதற்கு வாங்குவோர் இல்லை. மழையில் நனைந்தால் மீண்டும் நிலத்துக்கே போகும். பொருள் எங்கும் மறைந்துபோவதில்லை என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. தோலை ஊறவைக்கும் முன்பே உலுக்கி உப்பை உதிர்த்தெடுப்பது மலிவான முறை. உப்பைத் தொடக்கத்திலேயே குறைப்பதுதான் சரியான வழி. சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் உப்பையும் நீரையும் குறைக்கும் முறைகள் பலவற்றை வகுத்துள்ளனர்.

பயிர் தாங்கும் எல்லை

ஒரு பயிருக்கு வேண்டிய பொருள்களில் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலை நிர்ணயிக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் ஜெர்மானிய ரசாயன அறிஞர் லீபிக் பரப்பினார். மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் எவ்வளவு தழைச்சத்து இட்டாலும் பயனில்லை என்பது அதன் பொருள். பின்பு 1913-இல் ஷெல்போர்டு என்பவர், குறைவு மட்டுமன்றி மிகுதியும் உயிரை வருத்துமென்றும், ஒவ்வோர் உயிருக்கும் கீழெல்லை மேலெல்லை என இரண்டுண்டென்றும் காட்டினார்.

உப்பு வேரை வருத்தும் விதம் இது. ஊறுகாய்ப் பானையில் உப்பிட்ட மாங்காய் தன் நீரை வெளிவிட்டுச் சுருங்குவதுபோல, உப்பு மிகுந்த மண்ணில் வேருக்கு நீர் உறிஞ்சுவது கடினமாகிறது. நிலம் ஈரமாயிருந்தும் பயிர் வாடும். அன்றியும், உப்பிலுள்ள சோடியம் களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புச்சத்தைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. அப்போது மண் குழம்பாகி, காய்ந்தால் கல்லாகி, நீரும் காற்றும் உட்புகாமற் போகிறது. முன்னது உவர்நிலம், பின்னது களர்நிலம். இரண்டுக்கும் வைத்தியம் வேறாகையால் வேறுபாடு அறியவேண்டும்.

மண்ணின் கரைசலில் மின்சாரம் பாயும் அளவைக்கொண்டு உப்பை அளப்பர். அவ்வளவு நான்கு அலகுக்கு மேற்பட்டால் உவர்நிலம் என்பர். 1977-இல் அமெரிக்காவில் மாஸ், ஹாப்மன் என்னும் இருவர் பல பயிர்களின் தாங்கும் எல்லையைத் தொகுத்து வெளியிட்டனர். அதன்படி நெல் மூன்று அலகுவரை தாங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறையும். கரும்பு 1.7 அலகிலேயே குறையத் தொடங்கினும், அலகுக்கு ஆறு பங்கு வீதம் மெதுவாகக் குறையும். நிலக்கடலையின் நிலையே கவனிக்கத்தக்கது: நெல்லைப்போல 3.2 அலகுவரை தாங்கி நிற்கும். அதனைக் கடந்ததும் ஒவ்வோர் அலகுக்கும் இருபத்தொன்பது பங்கு வீதம் சடசடவென்று சரிந்துவிடும். போனவருஷம் நன்றாக விளைந்ததே, இவ்வருஷம் ஏன் பொய்த்தது என்று மலைப்போர் இதனை நினைவிற்கொள்க. பீன்ஸ் போன்ற அவரையினங்கள் ஓர் அலகுக்கே வருந்தும். சோளமும் பருத்தியும் ஏழு அலகை ஒட்டித் தாங்குவன. இக்கணக்குகள் வேற்றுநாட்டு மண்ணிற் கண்டவையாதலின் நம் நிலத்தில் சற்று முன்பின்னாகும். பயிர்களின் வரிசை பெரும்பாலும் மாறாது.

குரோமியம்

இதனைப்பற்றி மிகையும் குறையுமாகப் பேசப்படுகிறது. தோலில் ஏறாது மிஞ்சும் குரோமியம், கழிவோடு வெளியேறும்போது பெரும்பாலும் மூவிணைத்திறன் நிலையில் இருக்கும். அது மண்ணின் மேலடுக்கில் இறுகப் பற்றிக்கொண்டு எளிதில் நகராது. பயிர் அதை உறிஞ்சினாலும் வேரிலேயே பெரும்பகுதி தங்கிவிடும். ஆறிணைத்திறன் நிலையிலுள்ளதோ நீரில் கரைந்து நெடுந்தூரம் செல்வது. மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கவல்லது. இராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனங்கள் செய்து 1990-களில் மூடப்பட்ட தொழிற்சாலையின் அருகே குவிந்த லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலிருந்து கசிவது இவ்வகையே. ஆகவே குரோமியம் உண்டா என்று மட்டும் கேளாது, எவ்வகை என்று கேட்டுப் பரிசோதனை செய்விப்பது அவசியம்.

டி.டி.டி. போன்ற பூச்சிமருந்து புல்லிலிருந்து பூச்சிக்கும், பூச்சியிலிருந்து பறவைக்கும் செல்லச் செல்லப் பன்மடங்கு திரளுவதுண்டு. குரோமியம் அவ்வாறு படிதோறும் திரளுவதாகக் கொள்ளலாகாது. அதன் தீங்கு தங்கிய இடத்திலேயே நெடுங்காலம் நிலைப்பது. சிதைப்போர்க்கு அதுவும் இரையன்று. சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றை உரமென்று எண்ணி வயலில் இடுவது பெருந்தவறு. அச்சேற்றைத் தேக்குவதும் அபாயமற்றதன்று. 2015 ஜனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் தேக்கச்சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்படப் பத்துப்பேர் உயிரிழந்தனர்.

தரிசில் வருவது

பயிரிடாது விட்ட நிலத்தில் முதலில் புல்லும், பின் செடியும், பின் புதரும், கடைசியில் மரமுமாக ஒன்றன்பின் ஒன்று வருவதைத் தாவர வழிமுறை மாற்றம் என்பர். நல்ல நிலத்தில் இது மண்ணை வளப்படுத்தும். உப்பேறிய தரிசில் வருவதோ பெரும்பாலும் சீமைக்கருவேல் ஒன்றே. உப்பைத் தாங்கி, ஆழ வேரோடி, பிற செடிகளுக்கு இடங்கொடாது அது பரவும். எரிகரிக்கு உதவுமென்பதால் சிலர் அதை வரவென்று மகிழ்கின்றனர். ஆனால் அங்கே குருவியினமும் பூச்சியினமும் புல்லினமும் குறைந்து, பல்லுயிர் வாழ்ந்த வீடு ஒருயிர்க் கொட்டகையாகிறது. உயிர்வகை குறைந்த இடத்தில் ஒரு நோயோ ஒரு வறட்சியோ வந்தால் தாங்கும் சக்தியும் குறையும். பக்கத்திலேயே, வேலூர் முள்ளுக்கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இம்மண்ணுக்கும் நீருக்கும் பழகிய இத்தகைய உள்ளூர் வகைகளைக் காப்பதும் இச்சாஸ்திரத்தைச் சேர்ந்த வேலையே.

கோர்ட்டும் நஷ்ட ஈடும்

ஆறு முதலிய நீர்நிலைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெருங்கேடு விளைக்கும் தொழிற்சாலைகள் அமைக்கலாகாதென்று தமிழ்நாடு சர்க்கார் 1989-இல் உத்தரவிட்டனர். வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் 1991-இல் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் முதலியோர் தீர்ப்பளித்தனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த கணக்கெடுப்பில், தோல் சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் கண்டது அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. கேடு விளைத்தவரே அதற்கு ஈடு செலுத்தவேண்டும் என்பதும், கேடு நிச்சயமாக நிரூபிக்கப்படும்வரை காத்திராது முன்னெச்சரிக்கை கொள்ளவேண்டும் என்பதும் நாட்டின் சட்டத்தைச் சேர்ந்தவை என்று கோர்ட்டார் அதில் உரைத்தனர். ஒவ்வொரு தோல் சாலைக்கும் பதினாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தனர்.

அதன்படி அமைந்த அதிகார சபையார் 2001-இல், 29 ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்கு ஏறக்குறைய 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தீர்மானித்தனர். ஒருவர் பங்குக்குச் சராசரி ஒன்பதினாயிரம் ரூபாய்தான் வருகிறது. கெட்ட நிலத்தின் விலைக்கு இது எவ்வகையிலும் ஈடாகாது. 2009-இல் மற்றுமொரு தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 30-ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டார் மீண்டும் இவ்விஷயத்தை விசாரித்து, கேடு தொடர்வதைக் குறிப்பிட்டு, நஷ்ட ஈடு எஞ்சியோர்க்கு அதைச் செலுத்தவும், ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துச் சூழல் தணிக்கை செய்யவும் உத்தரவிட்டனர்.

செய்யத்தக்கவை

இத்தகைய விசாரணைகளில் குடியானவருக்குத் துணைநிற்பது எழுத்து மூலமான சான்றே. கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் எடுபட்டபின் அவ்வேலையைச் செய்துவரும் கிராம நிர்வாக அலுவலர்கள், அடங்கலில் ஒவ்வொரு சர்வே நம்பரிலும் போகந்தோறும் என்ன பயிர், எவ்வளவு விளைவு, தரிசா என்பதை நேரிற் பார்த்தே எழுதவேண்டும். முப்பது வருஷத்து அடங்கலை வரிசையாக வைத்துப் பார்த்தால், நெல் மறைந்து தென்னை வந்ததும், தென்னையும் மறைந்து தரிசானதும் தெரியவரும். அதைவிட நம்பத்தக்க சூழலியல் குறிப்பு ஒரு கிராமத்துக்கு வேறில்லை. கடந்த வருஷத்து வரியையே பார்த்தெழுதும் பழக்கம் இதைப் பாழாக்குகிறது.

நிலத்தைத் திருத்த விரும்புவோர் முதலில் மண்ணைப் பரிசோதிக்கவேண்டும். உவர்நிலமாயின் ஜிப்ஸம் வேண்டுவதில்லை. வடிகால் வெட்டி, நல்ல நீர் நிறுத்தி, உப்பைக் கீழே இறக்குவதே வேலை. ஓரடி மண்ணிலுள்ள உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நீக்க ஓரடி நல்ல நீர் இறங்கவேண்டும். கிணறே கரித்த இடத்தில் நல்ல நீருக்கு எங்கே போவதென்றால், மழைதான். ஓரங்குல மழை ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர் உப்பற்ற நீரைத் தருகிறது. ஐப்பசி கார்த்திகை மழைக்குமுன் வரப்பை உயர்த்தி, நிலத்தைச் சமன்செய்து, உழுது வைத்திருப்போர்க்கே அது பயன்படும். களர்நிலமாயின் பரிசோதனையிற் கண்ட அளவுக்கு ஜிப்ஸம் இட்டு, நீர் நிறுத்தி வடித்து, பின் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவேண்டும். வடிகாலின்றி ஜிப்ஸம் இடுவது வீண்செலவு. நெல் வைப்போர் டி.ஆர்.ஒய்.1 போன்ற உப்பைத் தாங்கும் இரகங்களைத் தேர்ந்து, சற்று முதிர்ந்த நாற்றாக, குத்துக்கு இரண்டொன்று கூட்டி நடுக. நெல்லுக்கு இளநாற்றுப் பருவமும் பூக்கும் பருவமும் உப்புக்கு அஞ்சும் பருவங்கள். நல்ல நீர் சிறிதே இருப்பின் அப்பருவங்களுக்கே அதை ஒதுக்குக.

கிணற்றுநீரை வருஷத்துக்கு இருமுறை, சித்திரையில் ஒன்றும் மழை முடிந்த மார்கழியில் ஒன்றுமாகப் பரிசோதிப்பது நலம். பம்புசெட்டைக் கால்மணி நேரம் ஓடவிட்டபின், சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அந்நீராலேயே மும்முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடி, கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், நீர்மட்டம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, விவசாய இலாகாவின் மண் பரிசோதனை நிலையத்துக்கோ விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ சேர்ப்பிக்கலாம். குரோமியம் பார்க்க விரும்புவோர் அதனைத் தனியே குறிப்பிட்டுக் கேட்கவேண்டும். சாதாரணப் பரிசோதனையில் அது அடங்காது. வரும் முடிவைத் தேதிவாரியாக ஒரு நோட்டில் ஒட்டிவைத்து, அதன் நகலொன்றைக் கிராம அலுவலகத்திலும் கொடுத்து வைக்க.